மாமாவின் இடுப்புக்கு அப்பாவின் கோட்டு

எதிரியின் இடுப்பை நானே நாடா பிடித்து அளந்தேன். போன வாரம் கதையை அங்கேதான் நிறுத்தினேன்.

அளந்ததோடு விடவில்லை. கோட்டைப் பிரித்தும் கொடுத்தேன். என் அப்பா பூங்கா மேற்பார்வையாளராக இருந்தபோது அணிந்த கோட்டு அது. கரும்பச்சைக் கம்பளி, பித்தளைப் பொத்தான்கள். வெயில் பட்டுப் பட்டு வெளிப்பக்கம் பாசி நிறமாகிவிட்டது. பக்கத் தையலைப் பிரித்து உள்மடிப்பை வெளியே விட்டபோது, வெயில் காணாமல் கிடந்த பழைய கரும்பச்சை இரண்டு பக்கமும் பட்டையாகத் தெரிந்தது. வேறு தையற்காரி என்றால் சாயம் ஏற்றி மறைத்திருப்பாள். நான் மறைக்கவில்லை. அடுத்தவர் கோட்டில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார் என்று பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. நாற்பது வருடங்களுக்கு முன்பு ஒரு மழை நாளில் பூங்காவின் பெரிய குளம் வற்றிப்போனது. மழையில் குளம் வற்றுமா என்றால், மதகு முழுசாகத் திறந்து கிடந்தால் வற்றும். மீன்கள் சேற்றில் செத்தன. கோரைப்புல்லில் கூடு கட்டியிருந்த நீர்க்கோழிகள் கூட்டை விட்டுப் போய்விட்டன. பழி அப்பாவின் தலையில் விழுந்தது. விசாரணையில் அவர் வாயைத் திறக்கவில்லை. வேலை போனது, பூங்காவுக்குள் இருந்த வீடு போனது, சில வருடங்களில் அவரும் போனார்.

வேலையும் வீடும் கோட்டும் யாருக்குப் போயின என்றால், அவருக்கு உதவியாளராக இருந்த என் அத்தையின் கணவருக்கு. கணீரென்ற தொண்டை என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு வெண்கல மாமா என்று பெயர்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த வெண்கலம் ஓயவில்லை. வாரா வாரம் மரபு நடை என்று ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு, அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றுவார். குளக்கரையில் நின்று ஒரே கதையைச் சொல்லுவார்.

"மேற்பார்வையாளர் மதகைத் திறந்து விட்டுட்டு, பிள்ளை பிறக்கப் போகுதுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டார். மறுநாள் நான்தான் வந்து, இதோ இந்தக் கையாலதான், சக்கரத்தைத் திருகி மூடினேன். ஆனா அதுக்குள்ள காலம் கடந்துபோச்சு."

வாயால் சொன்னதை நாற்பது வருடம் பொறுத்தேன். இப்போது அதைப் பலகையில் பொறித்துவிட்டார்கள். இயற்கை மரபுத் திருநாள் என்று பூங்கா சங்கத்தார் ஏற்பாடு செய்திருக்கும் இன்றைய நாளின் மாலையில், குளக்கரையில் துணி விலக்கித் திறக்கப்போகிறார்கள். 'மேற்பார்வையாளரின் அலட்சியத்தால்' என்று தொடங்குகிறது மூன்றாவது வரி.

அந்தச் சொல் அங்கே ஏறக்கூடாது. இன்றைக்கு எனக்கு அது ஒன்றுதான் வேலை.

*

காலையில் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். குளம் வற்றிய அன்று பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'வறட்சி' என்று பட்டப்பெயர். அந்தப் பெயரையே தன் பற்றவைப்புப் பட்டறைக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"சக்கரம் எப்படி இருக்கு?" என்றேன்.

"துருவெல்லாம் சுரண்டி, கிரீஸ் போட்டுட்டேன். குழந்தை கூடத் திருகலாம்." உட்காராமல் நின்றான். "அக்கா, நல்லா யோசிச்சியா?"

"யோசிக்க நாப்பது வருஷம் இருந்துதுடா."

"மாமா தப்பாத் திருகினா குளம் மறுபடி இறங்கும். வாத்து அங்கதான் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு இருப்பா."

வாத்து என்பது அவனுடைய மகள். நடக்கக் கற்றதிலிருந்து நீர்ப்பறவைகளின் பின்னாலேயே திரிந்தவள். இப்போது பூங்காவில் இயற்கை வகுப்பு நடத்துகிறாள். குழந்தைகளுக்கு வலையும் வெள்ளைத் தட்டும் கொடுத்து, குளத்தில் தும்பிப் புழு, நீர்ப்பூச்சி பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பாள். நாற்பது வருடமாக வராத நீர்க்கோழி இந்த வருடம் கோரையில் கூடு கட்டியிருக்கிறது. அவள் கோரையை நட்டு வளர்த்ததால் வந்தது.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா விட மாட்டா."

தம்பி பெருமூச்சு விட்டான். "நீ துணியைத்தான் வெட்டறேன்னு இவ்வளவு நாள் நினைச்சேன்."

விஷயம் இதுதான். எந்தக் குழாயானாலும், எந்தச் சக்கரமானாலும் வலப்பக்கம் திருகினால் மூடும். எங்கள் மதகு மட்டும் வலப்பக்கம் திருகினால் திறக்கும். என்றோ ஒரு கொல்லர் அதன் தண்டில் திருகு மரையை எதிர்ப்பக்கமாக வெட்டிவிட்டார். நான் பாவாடை கட்டிய வயதில் அப்பா என் கையைச் சக்கரத்தில் வைத்துத் திருகிக் காட்டினார். "உலகத்துக்கு ஒரு வழி, நம்ம மதகுக்கு ஒரு வழி" என்பார். ஒருமுறை அதை மூடியவருக்கு மறக்காது.

மாமா மூடவில்லை. அன்று திரும்பி வந்து சேற்றுக்குள் இறங்கி நின்று மூடியவர் அப்பா. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஏழை சொல் அம்பலம் ஏறாது, மகள் சொல் விசாரணை ஏறாது. அதற்குப் பிறகு சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். துருப்பிடித்த சக்கரத்தை வைத்து எதை நிரூபிப்பது?

அதனால்தான் கோட்டைப் பிரித்துத் தரச் சொல்லி சங்கத்தின் செயலாளர் அம்மா வந்தபோது ஒரு நிபந்தனை போட்டேன். பழைய மதகைச் சரிசெய்து, அன்று மூடியதை மாமா எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும்.

"அடடா, வரலாறு உயிரோட வந்து நிக்கும்" என்றார் அந்த அம்மா.

நிற்கட்டும் என்றேன்.

*

பூங்காவில் கூட்டம். ஒரு பக்கம் பலகை அறைந்து வௌவால் கூடு செய்துகொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் மரப்பட்டையில் காகிதத்தை வைத்து வண்ணக்குச்சியால் தேய்த்து வரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளத்தின் அக்கரையில் வாத்து முழங்கால் வரை சேற்றில் நின்றாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

கருவிக் கொட்டகையில் மாமா கை இரண்டையும் விரித்து நின்றார். கோட்டைப் போட்டுவிட்டேன்.

"என்னம்மா, உன் கைக்கு வேலை வெச்சுட்டேனா?"

"வேலை உங்க வயித்துக்குத்தான் மாமா. என் கைக்கு இல்ல."

சிரித்தார். "உங்கப்பன் ஒல்லி. அவனுக்கு எதைத் தின்னாலும் உடம்புல ஒட்டாது."

"வேலை போனவருக்கு எப்படி ஒட்டும்?"

கடைசிப் பொத்தானை நானே போட்டேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார். அப்பாவின் ஒரே தங்கை. குளக்கரை வீட்டிலேயே இருந்ததால் எல்லாருக்கும் குளத்து அத்தை. எனக்கும் அவருக்கும் பேச்சு நின்று எத்தனையோ காலம். கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஆனாலும் என் காலடிச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அந்தச் சக்கரத்தை இன்னைக்குத் தொடத்தான் வேணுமா?" என்றார்.

புருஷனுக்காகப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்தேன். அதிலும் ஒரு திருப்தி இருந்தது. மதகுத் திட்டுக்கு நடந்தேன்.

*

மதகுத் திட்டைச் சுற்றிக் கூட்டம் நின்றது. தம்பி மதகைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருந்தான். கீழே வாய்க்காலில் தண்ணீர் விரல் தடிமனில் ஓடியது. மாமா அதை மூடிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கமான கதையை வழக்கத்தைவிட நீளமாகச் சொன்னார். புதிதாக ஒரு இடியும் மின்னலும் சேர்ந்திருந்தன. பிறகு சட்டைக் கையை மடிப்பதுபோல் அப்பாவின் கோட்டுக் கையை மடித்தார்.

"இதோ, இந்தக் கையாலதான்."

வலப்பக்கம் திருகினார்.

சக்கரம் வெண்ணெயாகச் சுழன்றது. வாய்க்காலில் தண்ணீர் விரலிலிருந்து கை ஆனது. ஒரு குழந்தை எட்டிப் பார்த்தது.

"தாத்தா, தண்ணி அதிகமா வருது."

"முதல்ல அப்படித்தான் வரும். அடங்கறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடும்" என்றார் மாமா. கூட்டம் சிரித்தது. இன்னும் திருகினார். கீழே சத்தம் மாறியது. ஓடிய தண்ணீர் விழுந்தது, விழுந்த தண்ணீர் பாய்ந்தது. முன்னால் நின்றவர்கள் கால் நனைந்து பின்வாங்கினார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. மூடவில்லையென்றால் இன்னும் பலமாகத் திருக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை. திருகினார். பக்கத்தில் பட்டை தெரிந்த இடத்தில் கோட்டு நெளிந்தது. என் தையல் விடவில்லை.

அக்கரையில் வாத்து கத்தினாள். "யாரு மதகைத் திறந்தது? மூடுங்க. கூடு சாயுது."

கோரைக்குக் கீழே சேறு தெரிய ஆரம்பித்திருந்தது. நீர்க்கோழி எழுந்து படபடத்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் இன்னும் ஒரு சுற்று பொறுத்தேன்.

பிறகு திட்டில் ஏறினேன்.

"மாமா, கையை எடுங்க."

எடுத்தார். நான் இடப்பக்கம் திருகினேன். தண்ணீர் பாய்ச்சல் குறைந்து, கையாகி, விரலாகி, நின்றது. கடைசிச் சொட்டு விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

குரலை உயர்த்திப் பேசுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. மெதுவாகவே சொன்னேன்.

"இந்த மதகுக்கு எதிர்மரை. மூடணும்னா இடப்பக்கம் திருகணும். ஒரே ஒரு தடவை மூடியிருந்தாலும் கை மறக்காது. இந்தக் கையாலதான் மூடினேன்னு நாப்பது வருஷமாச் சொன்னவர், எப்படி மூடினார்னு நீங்களே பார்த்துட்டீங்க."

மாமா வாயைத் திறந்தார். வெண்கலம் ஒலிக்கவில்லை.

"கோட்டைக் கழட்டுங்க மாமா."

பொத்தான்களோடு அவர் மல்லுக்கட்டியதை நான் கண்ணிமைக்காமல் பார்த்தேன். உதவிக்குப் போகவில்லை. கோட்டு என் கைக்கு வந்தபோது வியர்வையில் கனத்தது.

*

கூட்டம் கலைந்து மற்ற இடங்களுக்குப் போனது. போனவர்கள் இதையேதான் பேசிக்கொண்டு போனார்கள். மாமா யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். செயலாளர் அம்மா துணி மூடிய பலகைக்குப் பக்கத்தில், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

வாத்து சேறு சொட்டச் சொட்ட என்னிடம் வந்தாள்.

"அத்தை, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"முட்டை தண்ணியில விழுந்திருந்தா?"

"விழலையே."

"விழாததுக்கு நீங்க காரணம் இல்ல." முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையில் இருந்த சேறு கன்னத்தில் ஏறியது. "தாத்தா பேருக்காகக் குளத்தையே பணயம் வெச்சீங்க. தாத்தா இருந்திருந்தா உங்களைத்தான் முதல்ல வெளிய அனுப்பியிருப்பார்."

அவள் வயதுக்கு அது அதிகம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கோல் தரையைத் தட்டிக்கொண்டு வந்தது.

குளத்து அத்தை. "நீ போம்மா. கூட்டைப் பாரு" என்று வாத்தை அனுப்பிவிட்டு என் எதிரே நின்றார்.

"ஆசை தீர்ந்துதா?"

"அவர் பொய் சொன்னார் அத்தை. ஊரே பார்த்துது."

"சொன்னார். பொய்தான். அந்தச் சக்கரத்தை அவர் ஒருநாளும் தொட்டதில்ல." கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தொடலைன்னா, அன்னைக்கு யாருடி முழுசாத் திறந்தது?"

இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. மாமாதான் என்று ஒரே முடிவாக இருந்துவிட்டேன்.

"மழை நிக்கலைன்னு அண்ணன் கொஞ்சம் திறந்து வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். விடிஞ்சதும் மூடிடுன்னு இவர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார். விடிஞ்சப்போ இவர் எழுந்திரிக்கற நிலைமையில இல்ல. முதல் நாள் யார் யாரோட உட்கார்ந்து குடிச்சாரோ. தட்டினேன், உலுக்கினேன். அப்புறம் நானே போனேன்."

"நீங்களா?"

"குழாயை மூடற மாதிரித் திருகினேன். முட்டிக்கிட்டு நிக்கற வரைக்கும் திருகினேன். மழைச் சத்தத்துல தண்ணிச் சத்தம் கேக்கல. நல்லபடியா மூடிட்டேன்னு வந்து, தலையைத் துவட்டிட்டு உலை வெச்சேன்."

கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அப்பாவுக்கு இது தெரியுமா?"

"குளம் சேறாக் கிடக்குதுன்னு ஆள் வந்து சொன்னதும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினேன். உன் தம்பியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னார். எல்லாத்தையும் சொன்னேன். 'உனக்கு நான் சொல்லித் தந்திருக்கணும்'னார். குழந்தையை என் கையில குடுத்துட்டு மதகை மூடக் கிளம்பினார். அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நான் பேசவும் விடல."

விசாரணையில் வாயைத் திறக்காத அப்பாவை, தன் கௌரவத்துக்காகப் பேசாதவர் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் தங்கைக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார். மதகின் வழியை மகளுக்குச் சொல்லித் தந்தவர், தங்கைக்குச் சொல்லித் தரவில்லை என்பதற்காக.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கலாம். இளகவில்லை. அண்ணன் பேச விடவில்லை என்றால், அண்ணன் செத்த பிறகு பேச யார் தடுத்தது? வாரா வாரம் தன் வீட்டு வாசலில் அந்தக் கதை ஓதப்பட்டபோது, அதைக் கேட்டுக்கொண்டே உலை வைத்தவர்தானே. ஒரு எதிரியை இறக்கி வைத்த இடத்தில் இன்னொருவர் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதுவும் என் சொந்த ரத்தம்.

செயலாளர் அம்மா தயங்கித் தயங்கி அருகே வந்தார். "அந்த மூணாவது வரியை எடுத்துடறோம். கண்டிப்பா எடுத்துடறோம். ஆனா குளம் ஏன் வத்திச்சுன்னு ஜனங்க கேப்பாங்களே. அந்த இடத்துல என்ன போடறது? நீங்களே சொல்லுங்க."

அத்தையின் முகம் என் பக்கம் திரும்பியது. புரை விழுந்த கண் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அது பலகையில் ஏறும். அப்பா சாகும்வரை மூடி வைத்தது வாரா வாரம் இந்தக் கரையில் படிக்கப்படும்.

"பலகை இன்னைக்கு மூடியே இருக்கட்டும்" என்றேன்.

செயலாளர் அம்மா போன பிறகு, அத்தையைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கோட்டை அவர் மடியில் வைத்தேன்.

"உங்க வீட்டுக்காரருக்காகப் பிரிச்சு விட்டது நான். திரும்ப அப்பா அளவுக்குப் பிடிச்சுத் தைக்க வேண்டியது நீங்க. தைச்சுக் கொண்டு வாங்க. பலகையில யார் பேர் ஏறணும்னு அப்புறம் சொல்றேன்."

அத்தை கோட்டை மடியில் விரித்துக்கொண்டார். வெளுத்த துணியும் வெளுக்காத துணியும் சேரும் இடத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். அண்ணனின் அக்குள், அண்ணனின் விலா, அண்ணனின் இடுப்பு. பழைய தையல் ஓட்டைகள் இருந்த வரிசையில் விரல் வந்து நின்றது. அளவு நாடா தேவைப்படவில்லை.

"அவர் அளவு எனக்குத் தெரியும்" என்றார். "ஊசி கோக்கத்தான் கண்ணு இல்ல. கோத்து மட்டும் குடுத்துட்டுப் போடி."

தையற்காரியின் கழுத்துப்பட்டையில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும். காலையில் கடைசிப் பொத்தானைத் தைத்த அதே ஊசி, பச்சை நூலோடு, அங்கேயே இருந்தது.

என் கை கழுத்து வரை போனது. அங்கே நின்றது.

மதகுத் திட்டிலிருந்து தம்பி கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தான். எங்கள் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் பார்த்ததில் அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னக்கா, அத்தைகிட்ட பேசிட்டியா? என்ன சொன்னாங்க?"